காஷுவால்டியில் மருந்து தவறாகிப்போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

எமர்ஜென்சி நர்ஸ்:
ஒரு நைட் டியூட்டி. இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். டாக்டர் "அட்ரினலின் பாயின்ட் ஃபைவ் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். ரத்தக் குழாயிலா, தசையிலா, எதில் போடுவது என்று சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் மருந்தை எடுத்துக்கொண்டு நேரே ஐவி லைன் (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் குழாய்) பக்கம் போனாள். கொஞ்ச நேரம் முன்புதான் இதயம் நின்றுபோன ஒருவருக்கு அதே அட்ரினலினை ஐவியில் கொடுத்திருந்தோம். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது. சீனியர் சிஸ்டர் "தொடையிலம்மா, ஐஎம்!" என்று கத்தியதால் நின்றாள். ஐஎம் என்றால் தசையில் போடும் ஊசி.

ஆம்பியூல் ஒன்றுதான், 1 மில்லியில் 1 மில்லிகிராம். இதயம் நின்றவருக்கு அது முழுசாக ஐவியில் போகும். அலர்ஜியில் வந்த பெரியவருக்குத் தொடைத் தசையில் அரை மில்லிகிராம். நாடி துடித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த அரையை ஒரேயடியாக ஐவியில் தள்ளினால் பிபி எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அமெரிக்காவில் இதே மருந்தின் லேபிளில் 1:1000 (மில்லிக்கு 1 மில்லிகிராம்), 1:10,000 (அதில் பத்தில் ஒரு பங்கு) என்று விகிதமாகப் போட்டு, அவசரத்தில் கணக்குத் தவறுகிறது என்பதால் 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

வாயால் சொல்லும் ஆர்டரைக் கேட்டவர் மருந்து, அளவு, வழி மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. ஆனால் ஜூனியர் பெண் திருப்பிச் சொன்னால் "என்ன, எனக்கே பாடமா?" என்று கேட்கும் டாக்டர்கள் இருக்கும் வரை யார் வாயைத் திறப்பார்கள்? என் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
சிஸ்டர் சொல்வது புரிகிறது. எங்கள் குழந்தை அப்போது 8 கிலோ, ராத்திரி நல்ல காய்ச்சல். காஷுவால்டி சீட்டில் பாராசிட்டமால் சிரப் 5 மில்லி என்று மட்டும் இருந்தது. மெடிக்கலில் 250 பாட்டிலை (5 மில்லியில் 250 மில்லிகிராம்) எடுத்த தம்பி, "குழந்தை எத்தனை கிலோ சார்?" என்று கேட்டார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 120 போதும். அந்த பாட்டிலில் 5 மில்லி கொடுத்தால் இரண்டு மடங்கு. டாக்டர் மனதில் இருந்தது 125 பாட்டில். திரும்பிப் போய்க் கேட்டதற்கு அவர் ஒன்றும் கோபப்படவில்லை, உடனே திருத்திக் கொடுத்தார்.

சுகர் அம்மாவின் மகள்:
எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அம்மாவுக்கு 10 யூனிட் இன்சுலின் போடச் சொன்னார்கள். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லை. சுகர் அடியோடு இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினை, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் எடுத்துவிட்டார்கள் என்று அப்புறம் வார்டில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

எமர்ஜென்சி நர்ஸ்:
ஐயோ, அப்படியென்றால் 10 கோட்டுக்கு 25 யூனிட் போயிருக்கும். 40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அரைகுறை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதை எழுதினார்களா?

சுகர் அம்மாவின் மகள்:
"சர்க்கரை குறைந்து சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி. சிரிஞ்ச் பற்றி ஒன்றும் இல்லை சிஸ்டர். கேட்டதற்கு, வயசானவங்களுக்கு இப்படி ஆகும்மா என்றார்கள்.