கொல்லையில் பன்றி விலா வாட்டியது: செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடி பக்கமிருந்து

விலா எலும்பு பார்பிக்யூ நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக வரும். கரி இருக்கிறது, மசாலா இருக்கிறது, பின்கட்டைத் தாண்டினால் கொல்லை கிடக்கிறது. லேசில் கிடைக்காதது ஒன்றுதான்: வெட்டுப்படாத விலா.

இங்கே பன்றிக்கறி விற்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வைக்கோலில் வாட்டின தோலோடு தொங்கும். தராசில் ஏறுவதற்கு முன்பே கறி, கொழுப்பு, ஈரல், எலும்பு எல்லாம் கட்டையில் வைத்துத் துண்டாகிவிடும். விலாவையும் குறுக்கே நாலு போடு போட்டுவிடுவார்கள். குழம்புக்கும் வறுவலுக்கும் அதுதான் தோது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்க விலாவை அப்படியே வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசாக் கொண்டுபோய் என்னண்ணே செய்வீங்க? சட்டியில எறங்காதே."

"சட்டியில இல்லப்பா, கம்பி மேல."

"அப்ப முதநாள் ராத்திரியே சொல்லிருங்க. பிரிக்கும்போதே எடுத்து வச்சிருவேன். விடிஞ்சு வந்து கேட்டா நான் பொறுப்பில்ல."

அதனால் முதல் வேலை, முதல்நாளே சொல்லி வைப்பது. முதுகெலும்பை ஒட்டிய மேல்விலா சின்னது, கறி மெத்தென்று இருக்கும். அமெரிக்கர்கள் பேபி பேக் என்கிறார்கள். வயிற்றுப் பக்கம் இறங்கும் விலாதான் ஸ்பேர் ரிப்ஸ். கொழுப்பும் நாரும் அதில் கூடுதல், ருசியும் கூடுதல். நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். தோலையும் தொப்பைக் கறியையும் எடுத்துவிட்டு, எலும்புக்கு மேலே ஒரு விரக்கடை கறி விடச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் சுரண்டின எலும்புதான் பையில் வரும். பண்ணையில் வளர்கிற வெள்ளைப் பன்றி என்றால் கறி பருமனாக நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்துச் சவ்வை உரிக்க வேண்டும். எலும்பை ஒட்டிப் பளபளவென்று தெரியும். ஸ்பூன் காம்பை ஓர் எலும்பின் மேல் செருகி நெம்பினால் நுனி கிளம்பும். கையில் நிற்காமல் வழுக்கும். பழைய வேட்டித் துணியால் பிடித்து இழுங்கள், சர்ரென்று நீளமாக வரும். அதை விட்டுவைத்தால் மசாலா அந்தப் பக்கம் இறங்காது, வெந்த பிறகும் பல்லில் ரப்பராக இழுக்கும்.

மசாலா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய் அரைத்த ஈர மசாலா இதற்கு வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் அனலில் கிடக்கும்போது அது வரட்டியாகக் காய்ந்து கருகி உதிரும். வறுத்துப் பொடித்ததுதான் நிற்கும். மல்லி, சோம்பு, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு, ஒரே ஒரு அன்னாசிப்பூ, ரெண்டு மராட்டி மொக்கு, ஒரு கொத்து கல்பாசி. மிளகாய்க்கு ராமநாதபுரம் முண்டு, 2023ல் புவிசார் குறியீடு வாங்கினதே அதுதான். நிறமும் கொடுக்கும், காரமும் அளவாக நிற்கும். கல்பாசியை மட்டும் கடைசியில் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். வாணலிச் சூட்டிலேயே அது சுருண்டு, மழை நனைந்த மரப்பட்டை மாதிரி ஒரு வாசம் விடும். புகையில் வாட்டுகிற கறிக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு எனக்குத் தெரியவில்லை. பொடியைக் கொரகொரப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் தூளுப்பு. உப்பை முதல்நாள் ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பொடியை மறுநாள் தடவலாம்.

நாங்கள் வைத்தது காணும் பொங்கலன்று. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள் என்பது கணக்கு. உச்சி வெயிலில் நான் கரி மூட்டினேன். மாடு பார்க்க முடியாமல் போனதில் இன்னும் வருத்தம் உண்டு, அது வேறு கதை.

அடுப்பு என்றால் வெல்டிங் பட்டறையில் நெடுக்காக அறுத்துக் கீல் வைத்த இரும்பு டிரம். உள்ளே என்ன இருந்த டிரம் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கினதும் வெறும் விறகைப் போட்டு ஒரு நாள் முழுக்க எரித்து, பெயிண்டும் எண்ணெயும் போன பிறகுதான் சமையல். கம்பிக்குத் துத்தநாகம் பூசின வேலிவலையை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் அந்தப் பூச்சுக் கிளப்புகிற புகை நல்லதல்ல, வெறும் இரும்புக் கம்பியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.

டிரம்மின் நடுவில் கரியைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அப்பத்தா பின்வாசல் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பன்றி தொடமாட்டார். அந்தக் கறி பட்ட பாத்திரம் நிலைவாசலைத் தாண்டக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு போட்டாகிவிட்டது. ஆனாலும் தீ விஷயத்தில் வாய் சும்மா இருக்குமா?

"ஏன்டா, நேரா கீழ தணலப் போட்டா நெய் ஒழுகி குப்புன்னு புடிச்சுக்காதா? ஒரு ஓரமா ஒதுக்குடா."

பார்பிக்யூக்காரர்கள் அடித்துச் சொல்வதும் அதுவேதான். தணல் ஒரு பக்கம், கறி மறுபக்கம், கறிக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர். ஒழுகுகிற கொழுப்பு தண்ணீரில் விழும், தீ எழும்பாது. மூடியை மூடினால் உள்ளே 110லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். காற்று போகிற துளையைக் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் அதைப் பிடிக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்கிறவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் விருந்தாளிகள் வருகிற நாளில் எனக்கு அது வேண்டும்.

மூன்று மணி நேரம் புகையில், பிறகு சுற்றிக் கட்டி ரெண்டு மணி நேரம், கடைசியில் பிரித்து ஒரு மணி நேரம் என்று அமெரிக்காவில் ஒரு வாய்பாடு உண்டு. நம்மூர் விலாவுக்கு இது அதிகம். கறி மெலிசு, கடைசி ஒரு மணி நேரத்தில் அரைவாசியைக் குறைத்துக்கொள்ளலாம். சுற்றிக் கட்டுவதற்கு வாழை இலையை அனலில் வாட்டி உள்ளே வைத்து, வெளியே அலுமினியத் தாள். இலை மட்டும் என்றால் காய்ந்து கிழிந்து சாறெல்லாம் தணலுக்குப் போய்விடும்.

பூசுவதற்குக் கருப்பட்டிப் பாகு: கருப்பட்டி, கெட்டிப் புளிக்கரைசல், இடிச்ச மிளகு, கொஞ்சம் உப்பு. இதைக் கடைசி அரை மணியில்தான் பூச வேண்டும். முன்னாலேயே பூசினால் இனிப்பு கருகிக் கசந்துபோகும்.

வெந்துவிட்டதா என்று பார்க்க, விலாவை ஒரு நுனியில் இடுக்கியால் பிடித்துத் தூக்குங்கள். வளைந்து, மேலே கறி லேசாக வெடித்தால் சரி. எலும்பு நுனியிலும் கறி பின்வாங்கி வெள்ளையாகத் தெரியும். கழன்று விழுகிற அளவுக்குப் போக வேண்டாம். கடித்தால் கடித்த இடம் மட்டும் வர வேண்டும்.

தொட்டுக்க வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்தோம். கோல்ஸ்லா என்கிற முட்டைக்கோஸ் சாலட் எல்லாம் வேண்டாம், எலுமிச்சை பிழிந்த வெங்காயப் பச்சடி போதும்.

தேவகோட்டைக்குக் கிழக்கேயிருந்து

கரியைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க வீட்ல கரி மூட்டம் போட்டவங்க உண்டு. சீமைக்கருவேலத்த வெட்டி அடுக்கி, மேல வைக்கோல், அதுக்கு மேல ஈர மண்ணு பூசி, நாள்கணக்கா உள்ளுக்குள்ளேயே பொகைய விடணும். எங்கயாச்சும் ஓட்ட விழுந்துச்சுன்னா காத்து புகுந்து மொத்தமும் சாம்பலாயிரும். அதனால ராத்திரி முழிச்சுக் காவல் இருக்கணும். கடையில வாங்கும்போது தூர்க்கட்டையில எடுத்த கரியாப் பாத்து வாங்குங்க. ரெண்டு துண்டத் தட்டினா கணீர்னு கேக்கும், நெடுநேரம் நிக்கும். குச்சிக் கரி சீக்கிரம் பொசுங்கிப் போயிரும், அடிக்கடி கரி போடப் போடச் சூடு ஏறி எறங்கும்.

பச்சைக் கருவேல விறகப் போட்டு புகை போடுறேன்னு யாரும் கிளம்பிராதீங்க. வெள்ளையா கெட்டிப் புகை வரும், கறி கசக்கும். புகைக்கு நல்லாக் காஞ்ச கொய்யாக் கட்டை ரெண்டு போதும். புகை மெலிசா, நீலமா, இருக்கா இல்லையான்னு தெரியணும். என் மச்சினன் ஒரு தடவை அவசரத்துக்கு மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வச்சான். அந்தக் கறிய நாய்க்கு வச்சோம், அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு.

ஹூஸ்டனிலிருந்து (சொந்த ஊர் கோட்டையூர்)

மேலே கரி பற்றி எழுதினவருக்கு ஒரு தகவல். டெக்சாஸில் பார்பிக்யூவுக்குப் பேர்போன மெஸ்கீட் மரமும் நம்ம சீமைக்கருவேலமும் நெருங்கின சொந்தம். இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களின் மரங்கள். நம்மூருக்குச் சீமைக்கருவேலம் வந்தது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அங்கே கண்மாயை அடைக்கிறது என்று திட்டுகிற மரத்தின் பங்காளியை இங்கே பையில் போட்டு விலைக்கு விற்கிறார்கள், நானும் வாங்குகிறேன். இங்குள்ளவர்களும் மெஸ்கீட் புகை அதிகமானால் கசக்கும் என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. பார்பிக்யூ என்றாலே இனிப்புச் சாஸ் என்று நினைப்பது கான்சாஸ் சிட்டி பாணியை மட்டும் பார்த்ததால் வருவது. மெம்ஃபிஸில் பொடி மட்டும் தடவி, சாஸே இல்லாமல் பரிமாறுகிற பழக்கமும் உண்டு. செட்டிநாட்டுப் பொடிக்கு அதுதான் தோது. என்னைக் கேட்டால் கருப்பட்டிப் பாகைக்கூடத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். கல்பாசி வாசத்தை அந்த இனிப்பு மூடிவிடும்.

காரைக்குடி, செவிலியர்

சமையல் எனக்கு அவ்வளவு வராது. ஆனால் "பன்றி சாப்பிட்டால் மூளையில் புழு வரும்" என்று எந்த விருந்திலும் ஒருவர் ஆரம்பிப்பார், அதனால் எழுதுகிறேன். சரியாக வேகாத கறியில் இருக்கும் புழுக் கட்டிகளைச் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளையில் வருவது அந்தப் புழுவின் முட்டைகள் வயிற்றுக்குள் போவதால். முட்டை வெளியேறுவது புழு உள்ள மனிதரின் மலத்தில். அங்கிருந்து கழுவாத கை, கழுவாத கீரை, தண்ணீர் வழியாக வாய்க்கு வரும். ஆகவே பன்றியே தொடாதவருக்கும் அது வரலாம். முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு உட்சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்து, மூன்று நிமிடம் ஆறினால் பாதுகாப்பு என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. விலாவின் நார் இளகி மெத்தென்று ஆகவே 90 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கிறது, அதனால் இந்தப் பயம் தேவையில்லை.

நான் பயப்படுவது வேறு இடத்தில். பச்சைக்கறி வெட்டின பலகையிலேயே பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதும், மசாலா தடவின கறியை வெயில் நேரத்தில் கொல்லையில் திறந்து வைப்பதும்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரும்.

கோலாலம்பூரிலிருந்து

எங்கள் தாத்தா காலத்தில் பள்ளத்தூரிலிருந்து வந்த குடும்பம். இங்கே சீனர்கள் பன்றி விலாவை மூலிகையும் மசாலாவும் போட்டுக் கொதிக்க வைத்து பக் குத் தே என்று காலையிலேயே சாப்பிடுவார்கள். அதில் விழுகிற அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மிளகு எல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டிச் சரக்கு. பன்றியின் கொழுப்புக்கு அன்னாசிப்பூ நன்றாகப் பிடிக்கிறது, ஒன்றோடு நிறுத்தினது சரி. ரெண்டு போட்டால் மருந்துக்கடை வாசம் வந்துவிடும்.

திருப்பத்தூர் பக்கமிருந்து

எல்லாம் சரி. பன்றிக்கறி தின்னாதவர்களுக்கு என்ன வைத்தீர்கள்? எங்கள் வீட்டில் பாதிப் பேர் பன்றி என்றால் பந்தியை விட்டே எழுந்துவிடுவார்கள்.

காரைக்குடி பக்கமிருந்து

திருப்பத்தூர்க்காரருக்கு: அழைக்கும்போதே சொல்லிவிட்டேன். வீட்டு அடுப்படியில் நாட்டுக்கோழி ரசமும் சோறும், கொல்லையில் விலா. ரெண்டுக்கும் தனிக் கரண்டி, தனி இலை, பரிமாறுகிறவரும் தனி. பணியாரத்தை உள்ளே சுட்டுத்தான் வெளியே கொண்டுவந்தோம், இங்கிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. அப்பத்தா ரசம்சோறு சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையோடு வந்து தணல் அவிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

ஹூஸ்டன்காரர் சொன்ன மாதிரி பாகைத் தனியாக வைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம், எலும்பைச் சூப்பினதே அந்தப் பாகுக்காகத்தான்.

மிஞ்சினதை என்ன செய்வது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். ஆறின உடனே கறியைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் முட்டை உடைத்து ஊற்றிக் கொத்து பரோட்டா போடலாம். அதற்குத் தனியாக உப்பு போட வேண்டாம், கறியிலேயே இருக்கிறது.