திருமலை (திருகோணமலை) மரியாள் பேராலயம் போர்த்துக்கேயர் கட்டினதா? முன்பக்கமும் பின்பக்கமும் ஏன் வேற வேற மாதிரி?

கடற்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை கொழும்பில இருந்து வந்த ரெண்டு ஃபிரண்ட்ஸுக்கு கோணேசர் கோயில், கோட்டை எல்லாம் காட்டிப்போட்டு வாற வழியில எங்கட கத்தீட்ரலுக்கும் கூட்டிக்கொண்டு போனன். ஆட்டோக்கார அண்ணா "இது போர்த்துக்கேயர் கட்டினது, நானூறு வருசம்" எண்டு அடிச்சு விட்டார், நானும் தலையாட்டிட்டன், பிறகு தேடிப் பார்த்தா 1852 எண்டு கிடக்கு. சின்ன வயசில இருந்து பூசைக்குப் போற கோயில், எனக்கே தெரியேல்ல எண்டு வெக்கமாப் போச்சு. இன்னொண்டு, முன்னால நிண்டா வான நீலத்தில கேக் மாதிரி அலங்கார முகப்பு, சுத்திப் பின்னால போனா ஓட்டுக்கூரையும் கோபுரமுமா வேற ஆரோ கட்டினது போல இருக்கு. ரெண்டு தரமாக் கட்டினதோ?

பழசுகிண்டி:
தம்பி, 1852 தான் சரி. கணக்கைப் பாரும். போர்த்துக்கேயர் இஞ்ச கோட்டை கட்டினது 1624ல, டச்சுக்காரர் கண்டி ராசாவோட சேர்ந்து அதைப் பிடிச்சது 1639ல. நடுவில 15 வருசம் தான். டச்சுக்காரர் கத்தோலிக்கச் சாமிமாரைக் கண்ணிலயும் காட்டக்கூடாது எண்டு சட்டம் போட்ட ஆக்கள், யோசேப் வாஸ் அடிகளே 1687ல வேசம் மாறித்தான் இலங்கைக்குள்ள வந்தவர். அந்தக் காலத்தில ஊர் நடுவில இவ்வளவு பெரிய கோயிலை ஆர் கட்ட விடுவான்? 1795ல வெள்ளைக்காரன் திருமலையைப் பிடிச்சு, 1806ல கவர்னர் மெய்ட்லண்ட் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகளை எடுத்தாப் பிறகு தான் மூச்சு விட்டது.

இன்னொரு விசயம், கட்டேக்க அது கத்தீட்ரலே இல்லை. ஆயர் இருந்தாத்தானே பேராலயம்? அப்ப திருமலை யாழ்ப்பாணத்துக்குக் கீழ. எங்களுக்கெண்டு மறைமாவட்டம் வந்தது 1893ல, முதல் ஆயர் சார்ள்ஸ் லவீஞ், பிரெஞ்சு இயேசுசபைக்காரர், அதுக்கு முதல் கேரளத்தில கோட்டயத்தில இருந்தவர்.

சிவப்புமண்:
ஆனா கோணேசர் கோயிலை இடிச்ச கல்லிலதான் சேர்ச் கட்டினவங்க எண்டு எங்கட அப்பப்பா சொல்லுவார்.

பழசுகிண்டி:
அப்பப்பா அரைவாசி சரி. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சது உண்மை, இடிச்ச கல் போனது கோட்டைக்கு. வாசல் கல்லில கயல்மீனும் எழுத்தும் இண்டைக்கும் இருக்கு, போனா நிமிர்ந்து பாருங்கோ. கோட்டை கட்டினதுக்கும் இந்தச் சேர்ச்சுக்கும் இடையில 228 வருசம். கோபத்தை விலாசம் மாறிக் குடுக்கக்கூடாது.

உவர்மலைக்காரி:
முகப்பைப் பற்றி நான் சொல்றன், படிச்சது ஆர்க்கிடெக்சர், வேலை வேற 😅 அந்தப் பாணிக்கு பரோக் எண்டு பேர். ரோமில தொடங்கி போர்த்துக்கேயரோட கோவா வரைக்கும் வந்தது, அதால தான் அந்த முகத்தைக் கண்டவுடன எங்களுக்குப் போர்த்துக்கேயர் எண்டு வருது. ஆனா 1800களில பழைய பாணிகளைத் திருப்பி எடுத்துக் கட்டுறது எல்லா இடமும் நடந்தது, இதுவும் அந்த வகை, நியோ பரோக். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கிறதும் அதிசயம் இல்லை. கலியாண வீட்டு வாசல்ல சோடிச்சு ஒரு பந்தல் கட்டி, உள்ள போனா வழமையான வீடுதானே? அதே மாதிரி ரோட்டைப் பார்த்த பக்கத்துக்குத்தான் சோடனை. பின்னால கார்த்திகை மார்கழி மழைக்குத் தண்ணி ஓட வேணும், அதுக்குச் சரிவான ஓட்டுக்கூரை. வித்தியாசத்தை மட்டும் வைச்சு ரெண்டு தரம் கட்டினது எண்டு சொல்ல ஏலாது.

நீலம் மாதாவின்ர மேலாடை நிறம், அது உங்களுக்கே தெரியும். எனக்கு என்னவோ காலமை வெயில்லதான் அந்த நீலம் வடிவு, மத்தியானம் கண்ணைக் கூசும்.

கொத்துக்கரண்டி:
நான் மேசன், அப்பாவும் மேசன். நீங்க வரலாறு கதையுங்கோ, நான் சுவர் கதைக்கிறன். இந்தக் கரையில பழைய சுவர் எல்லாம் சுண்ணாம்புச் சாந்து. அது மூச்சு விடும், நிலத்தில இருந்து ஏறுற ஈரத்தை வெளிய விடும். அதுக்கு மேல சீமெந்து பூசினா ஈரம் உள்ள நிண்டு, உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கும். பெருவிரலால ஒருக்கா அமத்திப் பாருங்கோ, பொருக்குக் கழண்டு உள்ள மா மாதிரிக் கொட்டும். இந்தக் கோயில் இல்லை, வேற ஒரு பழைய சின்னக் கோயில், பேர் வேண்டாம், நாங்களே வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல திருநாளுக்கு முதல் முடிக்கோணும் எண்டு சீமெந்து பூச வைச்சவை. ரெண்டு மாரி தாங்கேல்ல. பிறகு பூசினவன் சரியில்லையாம்.

கடற்காகம்:
@பழசுகிண்டி @உவர்மலைக்காரி பெரிய நன்றி. ஃபிரண்ட்ஸுக்கு வாட்ஸ்அப்பில திருத்தம் அனுப்பிட்டன், ஒருத்தன் "ஆட்டோ காசைத் திருப்பி வாங்கு" எண்டுறான். கொத்துக்கரண்டி அண்ணா, எங்கட வீட்டுக் கிணத்தடிச் சுவரும் நீங்க சொன்ன மாதிரித்தான் பொங்குது, அம்மப்பா காலத்துச் சுவர். சுண்ணாம்பு இப்ப திருமலையில எடுக்கலாமோ?

கொத்துக்கரண்டி:
எடுக்கலாம், ஆனா நல்லா ஊறப்போடோணும், அவசரப்படக் கூடாது. முதல்ல அந்தச் சீமெந்தைக் கொத்தி எடும். படம் ஒண்டு போடும், பார்த்துச் சொல்றன்.