கருங்காலிக்கு மாற்றுச்சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாறு பற்றிய கல்லூரிப் பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். 1892இல் ஹோம்ஸ்டெட் உருக்காலைக்கு அதன் நிர்வாகி ஃபிரிக், பிங்கர்டன் என்ற தனியார் நிறுவனத்தின் காவலர்கள் சுமார் 300 பேரைப் படகுகளில் வரவழைத்த பகுதியைக் கடந்து, வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் போய் உழைத்தவர்களைக் ‘கருங்காலிகள்’ என்றே எழுதிவந்தேன். 1919ஆம் ஆண்டின் உருக்காலை வேலைநிறுத்தத்தில் கை நின்றுவிட்டது. ஏறத்தாழ 3,50,000 பேர் பங்கேற்ற அப்போராட்டத்தை முறிக்க நிறுவனங்கள் கறுப்பினத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் இறக்கின. அவர்களையோ பல சங்கங்கள் அதுவரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. மூலத்தில் நடுநிலையான சொல் இருக்க, நான் அவர்களை வசைச்சொல்லால், அதிலும் ‘கரு’ என்று தொடங்கும் சொல்லால் குறிக்கலாமா?

*

அம்மையீர், அச்சொல்லில் நிற இழிவு இல்லை. கருங்கால் என்பது கரிய அடிமரம். ‘கருங்கால் வேங்கை’ என்கிறது குறுந்தொகை. வயிரம் பாய்ந்த கருங்காலி மரம் கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டத் துணைபோவதால் அப்பொருள் வந்தது. தொழிலாளர் தாமே ஆண்டுவரும் சொல்லைக் கைவிட வேண்டாம்.

*

ஐயா, மரக்கதை அழகானதுதான். ஆனால் பிரிட்டிஷ் தொழிலாளர் இதே ஆளைப் ‘பிளாக்லெக்’ என்பார்கள். கரிய கால் என்பதே அதன் நேர்ப்பொருள். இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. எவ்வாறாயினும் வகுப்பில் இருக்கும் மாணவர் சொற்பிறப்பைக் கேட்கப்போவதில்லை, வசையைத்தான் கேட்பார். ‘மாற்றாள்’ எனலாமா?

*

மாற்றாள் என்றால் சக்களத்தி என்பதை மறந்துவிட்டீர்கள். ‘பதிலாள்’ எல்லோருக்கும் புரியும்.

*

‘பதில்’ உருது வழியாக வந்த அரபுச் சொல். ‘ஈடாள்’ என்பதே தூய தமிழ்.

*

ஈடு என்றதும் அடமானம்தான் நினைவுக்கு வரும். கொத்தடிமையைச் சொல்வதாக மாணவர் எண்ணிவிடுவார். புரியாத தூய்மையால் பாடத்துக்குப் பயனில்லை.

*

அனைவருக்கும் நன்றி. நால்வர் ஒப்பியதால் பாடத்தில் ‘வேலைநிறுத்தப் பதிலாள்’ என்றே எழுதுகிறேன். போராடியவர்கள் வாய்மொழியாக வரும் இடங்களில் மட்டும் ‘கருங்காலி’ இருக்கும். சங்கங்கள் கதவைச் சாத்தியிருந்ததையும் அதே பத்தியிலேயே சேர்த்துவிட்டேன்.

*

ஈடாள் என்பதை நான் விடுவதாக இல்லை. அடமானம் அதன் ஒரு பொருள் மட்டுமே. ‘ஈடுசெய்தல்’ இன்றும் வழக்கில் உள்ளது. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.