புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பிறகு அப்பாவுக்கு வந்த இதயத் துடிப்புக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத்தடை

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் இதயத் துடிப்பு தாறுமாறாகி, மருந்தில் அடங்கி, வீட்டுக்கு வந்தபின் இரவில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மூன்று மாதம் முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"தூங்கும்போது மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. அம்மாவிடம் கேட்டால், "வருஷக்கணக்கா அப்படித்தான்டா, குறட்டை டக்குனு நிக்கும், அப்புறம் திணறி எழுவாரு" என்கிறார். இது குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தோம்; அப்பா ஒல்லி, அதனால் அறுவை சிகிச்சைக்கு முன் யாருக்குமே சந்தேகம் வரவில்லை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு சராசரியாக 38 முறை மூச்சுத்தடை. 30ஐத் தொட்டாலே தீவிர நிலையாம். ஒவ்வொரு தடைக்கும் ஆக்சிஜன் இறங்கி, இதயத்தின் மேலறைகள் இழுபட்டு, துடிப்பு குழம்புகிறது.

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதை அடைபடாமல் வைக்கும் சிபாப் (CPAP) கருவியைக் கொடுத்தார்கள். அதன் முதல் மாஸ்க்கைப் பத்து நாளும் பாதி இரவில் கழற்றிவிட்டார். மூக்கை மட்டும் மூடும் சிறியதற்கு மாற்றியதும் பழகிவிட்டது. ஆறு வாரம் கழித்து எடுத்த 24 மணிநேர ஹோல்டர் (உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) பதிவில் துடிப்பு சீராக இருந்தது. மாத்திரைகளும் தொடர்கின்றன, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை உட்பட; டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்த மாட்டோம்.

எதிர்பாராதது ஒன்று: இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவார், சர்க்கரையால்தான் என்று நினைத்திருந்தோம். சிபாப் வந்தபின் இப்போது ஒரு முறைதான்.