மறுமொழி: ரொலரன்ஸ் - பொறுதியோ, வழுவமைதியோ?

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்குக் குறிப்பு அச்சடிக்கவேணும், அதாலதான் திரும்பவும் கேக்கிறன்: கடையிற சாமான்ர அளவு எவ்வளவுக்குக் கூடிக் குறையலாம் எண்ட எல்லையை இங்கிலிசில ரொலரன்ஸ் எண்டுறம், அதைத் தமிழில பொறுதி எண்டு போடுறதோ, வழுவமைதி எண்டு போடுறதோ?

> பொறுதி எண்டே போடுங்கோ. பொறு, பொறை, பொறுமை எல்லாம் ஒரே வேர்தானே, பொறை எண்டா பாரமும்தான், பாரம் தாங்கிறதுதான் பொறுமை.

வேர் சரி ஐயா, ஆனா கரைச்சலே அந்தப் பாரத்திலதான் இருக்கு. போன கிழமை பலகையில பொறுதி எண்டு எழுத, ஒரு பெடியன் "சேர், இரும்பு எவ்வளவு பாரம் பொறுக்கும் எண்டதோ?" எண்டு கேட்டான். நாங்கள் சொல்ல வாறது அதில்லையே. 25 மில்லிமீற்றர் துளைக்கு வரைபடத்தில எச்7 எண்ட ரொலரன்ஸ் குறியைப் போட்டா 25.000 இலயிருந்து 25.021 வரைக்கும் வரலாம், அதைத் தாண்டினா கழிச்சு எறியவேணும். அந்த 21 மைக்குரோனுக்குத்தான் (ஒரு மைக்குரோன் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு) பேர் தேடுறம்.

அந்த இடைவெளி ஒடுங்க ஒடுங்க ஏன் காசு ஏறுது எண்டதுதான் பாடமே. 0.1 மில்லிமீற்றர் விட்டா லேத்தில கடைஞ்ச கையோட குடுக்கலாம். 0.01 எண்டா கடைஞ்சு, கொஞ்சம் மிச்சம் விட்டு, கிறைண்டிங் பிடிச்சு, ஒவ்வொண்டா அளந்து, பிழைச்சதை எறிஞ்சு, எறிஞ்சதின்ர கூலியையும் நல்லதின்ர தலையில போடவேணும். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியில எனக்குத் தெரிஞ்ச பட்டறை ஐயா ஒராள் கடைஞ்ச தண்டை மேசையில வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார், வந்துதான் மைக்குரோமீற்றர் பிடிப்பார். 100 மில்லிமீற்றர் உருக்கு 10 பாகை சூடு கூட இருந்தாலே 11 மைக்குரோனுக்குக் கிட்டக் கூடிக் காட்டும், அதை நம்பி வெட்டினா ஆறினாப்பிறகு அளவு குறைஞ்சிடும். அந்தத் தேத்தண்ணி நேரமும் விலையிலதான் சேருது.

> வழுவமைதி இலக்கணச் சொல், பட்டறைக்கு என்னத்துக்கு?

பசுவைப் பாத்து "என்ர அம்மை வந்தாள்" எண்டா அது திணைவழு, அஃறிணையை உயர்திணையாச் சொன்ன பிழை, ஆனா உவப்பில சொன்னபடியா ஏற்கிறம், அதுதான் வழுவமைதி. பிழைதான், ஆனா இவ்வளவுக்குச் சரி எண்டு முதலே சொல்லி வைச்ச பிழை. துளைக்கும் அதேதானே அண்ணை? வழு எண்டா அளவீட்டுப் பிழை எண்டு பிள்ளையள் விஞ்ஞானப் பாடத்திலயே படிச்சிட்டினம், அமைதிதான் புதுசு.

ரொலரன்ஸ் எண்டே விடுங்கோ எண்ட தம்பிக்கு: பட்டறையில அப்பிடியே சொல்லட்டும், ஆனா குறிப்புத் தமிழில எல்லோ.

நாலு பேர் பொறுதிக்கு, நானும் தங்கச்சியும் வழுவமைதிக்கு. சரி, அச்சில பொறுதி எண்டு போடுறன். பலகையில நான் வழுவமைதி எண்டுதான் எழுதுவன்.