மீன்பிடித் தடைக்காலம் முடிந்தால் கடலில் மீன் பெருகிவிடுமா?

பெரம்பூர் மீனா:

போன ஞாயிறு விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வஞ்சிரம் கிலோ 1,300 சொன்னார்கள். ஏன் இந்த விலை என்று கேட்டதற்கு, "தடைக்காலம்மா, இது மங்களூர் மீன்" என்றார் விற்ற அம்மா. ஆனால் பக்கத்திலேயே ஃபைபர் படகிலிருந்து சங்கராவும் கிழங்கானும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தடை என்றால் அவர்கள் மட்டும் எப்படிப் போகிறார்கள்? 61 நாள் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் எந்த மூலைக்கு? இவ்வளவு செய்து கடலில் மீன் பெருகுகிறதா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை ராயபுரம்:

அக்கா, காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்குப் பதினோரு வருடம் கணக்கு எழுதியவன் நான். அப்பா அதே படகில் டிரைவர்.

முதலில் சின்னக் கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். 2001இல் தொடங்கியபோது 45 நாள், 2017இல் 61 ஆக்கினார்கள். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் மங்களூர் மீனும் கேரளா மீனும் இங்கே வருகின்றன.

8,000 ரூபாயை 61ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். அதுவும் ஒரு குடும்பத்துக்கு. எங்கள் படகில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர். அவர்களுக்கு இங்கே அதுவும் கிடையாது.

சரி, மீன் பெருகுகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். முட்டையிடும் காலத்தில் இழுவை மடி (விசைப்படகு இழுத்துப் போகும் பை போன்ற வலை) ஓடாமல் இருப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை அடுத்த பத்து மாதத்தில் இருக்கிறது. நான் எழுதிய ஒரு பாட்டின், அதாவது படகு ஒரு தடவை கடலுக்குப் போய் வந்ததன் கணக்கைச் சொல்கிறேன். எட்டு நாள் தங்கி வந்த பாடு. மீன் விற்றது 4,20,000. டீசல் 2,600 லிட்டர், 2,39,000. ஐஸ் 28,000. அரிசி, மளிகை, தண்ணீர் 17,000. ஏலக்காரர் கமிஷன் நூற்றுக்கு ஐந்து, 21,000. மிச்சம் 1,15,000. இதில் முதலாளிக்கு ஆறு பங்கு, ஆட்களுக்கு நாலு பங்கு. ஒன்பது பேர், டிரைவருக்கு இரட்டைப் பங்கு. ஆளுக்கு 4,600 வந்தது. எட்டு ராத்திரி கடலில் கிடந்ததற்கு ஒரு நாளைக்கு 575 ரூபாய்.

வரி நீக்கிய டீசல் தருகிறார்களே என்பீர்கள். வருடத்துக்கு 19,000 லிட்டர் தருகிறார்கள். எங்கள் படகுக்கு அது ஏழு பாட்டுக்குத்தான் வரும், மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும்.

அந்த 4,20,000இல் 37,500 ரூபாய் கழிசல் மீன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். கிலோ 25 ரூபாய்க்கு ஒன்றரை டன் மீன் மாவு ஆலைக்குப் போனது. மடியின் கடைசிப் பகுதியில் கண்ணி (வலையின் ஓட்டை) 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. விதிப்படி வலை போட்டிருந்தால் இந்தக் குஞ்சுகளில் பெரும்பகுதி தப்பியிருக்கும். கழிசலே வராமல் இருந்திருந்தால் ஆளுக்கு 4,600க்குப் பதில் 3,200கூடக் கிடைத்திருக்காது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய மனிதரிடம் போய் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? நான் சொன்னதில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இன்னொன்று. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பது எல்லாம் தடைக்காலத்தில்தான். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் முதலாளி ஏலக்காரரிடம் முன்பணம் வாங்குவார். வாங்கினால் மீனை அவரிடம்தான் போட வேண்டும். ஜூன் 15இல் கடலுக்குப் போகும்போதே தலைக்கு மேல் கடன். அப்போது யார் கண்ணி அளவு பார்ப்பார்கள்? இரண்டு மாதம் காப்பாற்றிய குஞ்சைத்தான் முதல் பாட்டிலேயே அள்ளிக்கொண்டு வருகிறோம்.

நெட்டுக்குப்பம் ஃபைபர்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் எழுதுங்கள். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று 1983ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரியில் உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். போன வருடம் என் வலை எட்டுப் பாகம் அறுந்து போனது, எண்பதாயிரம் நஷ்டம். யாரிடம் கேட்பது?

கணக்குப்பிள்ளை ராயபுரம்:

தம்பி, மறுக்க மாட்டேன். டீசல் மிச்சம் பிடிக்கக் கரைப் பக்கம் இழுப்பார்கள். அது தப்பு, உங்கள் வயிற்றில் அடிப்பது.

பட்டினப்பாக்கம் செல்வி:

எங்க அம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். தடைக்காலத்தில் சிந்தாதிரிப்பேட்டைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டோ வைத்துப் போய் லாரி மீனை வாங்கி வருகிறார். வாங்கும் விலையே ஏறிவிடும். 1,300 என்றதும் வாங்க வருபவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், அவருக்குக் கிலோவுக்கு நூறு ரூபாய் நின்றால் பெரிது. பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் மீனா:

செல்வி, நான் அன்று 1,100க்குக் கேட்டு நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை அண்ணா, வாங்குபவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

கணக்குப்பிள்ளை ராயபுரம்:

முழங்கை நீளம் இல்லாத வஞ்சிரத்தை வாங்காதீர்கள், அது ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது. ஆனால் கழிசலை வாங்குவது நீங்கள் இல்லை, ஆலைகள். கேரளத்தில் 58 வகை மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது. படகையே பார்த்துக்கொண்டிருக்காமல் அதைத் துறைமுகத்தில் மீன் இறங்கும் இடத்திலேயே பார்க்கலாம். அதோடு படகு பழுதுபார்க்கத் தடைக்காலத்திலேயே கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கடன் கொடுத்தால் பாதிப் படகு ஏலக்காரர் பிடியிலிருந்து தப்பிவிடும். எங்கள் முதலாளி கேட்டு வாங்க முயன்றார். பத்திரம் போதவில்லை என்றார்கள்.

ஜூன் 14 நள்ளிரவு படகுகள் கிளம்பும். அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஏலக்கூடத்தில் வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கழிசல் ஏற்றும் லாரிகளையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். நான் கூட வருகிறேன்.