தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்கள்: பாதை மாறியிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி

நாங்கள் வசிக்கும் பகுதி, விமான நிலையத்தின் ஓடுபாதை முனையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, ஓடுபாதையை நீட்டினால் வரும் நேர்கோட்டிலேயே இருக்கிறது. ஆகவே விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதன்று. முன்பெல்லாம் ஒரு விமானம் வடக்கே ஒதுங்கிச் செல்லும், அடுத்தது தெற்கே செல்லும், சில மட்டுமே தலைக்கு மேலே வரும். கடந்த சில மாதங்களாக ஒவ்வொன்றும் ஒரே வீட்டு வரிசைக்கு மேலே, கோடு கிழித்தாற்போல் வருகிறது. விடியற்காலையில் ஒன்றின் ஓசை அடங்குவதற்குள் அடுத்ததன் ஓசை தொடங்கிவிடுகிறது. உயரமும் குறைந்துவிட்டதாகவே இங்குள்ள பலருக்கும் தோன்றுகிறது.

இன்னொரு செய்தியும் விளங்கவில்லை. தொடர்ந்து சில நாள்கள் ஒரு விமானம்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. பிறகு காலை முதல் இரவு வரை ஓயாமல் வருகின்றன. விமான நிலையத்துக்கு எழுதிக் கேட்டபோது, விமானங்களின் உயரத்தில் மாற்றம் இல்லை என்றும், சராசரி இரைச்சல் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் பதில் வந்தது. எங்கள் காதுகளுக்கும் அந்தப் பதிலுக்கும் இடையே இவ்வளவு தொலைவு எப்படி ஏற்பட்டது? விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் நாங்களே எதையேனும் அளந்து நிறுவ முடியுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

விமானமே வராத நாள்களைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் அதற்குத்தான் விடை எளிது. விமானங்கள் கூடியவரை எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் கிளம்பும். அப்போதுதான் தரையை ஒட்டிய வேகம் குறைவாகவும் தேவைப்படும் ஓடுபாதை நீளம் குறைவாகவும் இருக்கும். ஒரே ஓடுபாதைக்கு இரண்டு முனைகள். கிழக்கு மேற்காக அமைந்த ஓடுபாதைக்கு 09 என்றும் 27 என்றும் இரண்டு எண்கள் இருப்பது அதனால்தான். 90 பாகையையும் 270 பாகையையும் பத்தால் வகுத்துக் கிடைத்த எண்கள் அவை. காற்று மேற்கிலிருந்து வீசினால் இறங்கும் விமானங்கள் கிழக்குப் புறமிருந்து வரும். காற்று திரும்பினால் அத்தனை விமானங்களும் மறுபுறத்துக்குப் போய்விடும். இலேசான பின்காற்று இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு முனைக்கு முன்னுரிமை தரும் விமான நிலையங்களும் உண்டு; அங்கெல்லாம் பின்காற்று 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) அளவைத் தாண்டும்போது திசையை மாற்றுவது வழக்கம்.

எனவே, விமானம் வந்த நாள், வராத நாள் இரண்டையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி, விமான நிலையம் வெளியிடும் காற்றுத்திசைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், விமானம் வராமல் போவது பழைய நடைமுறைதான். பொருந்தாத நாள்கள் மிகுந்தால், இரண்டாம் ஓடுபாதை பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். அத்தகைய மூடல்களை 'நோட்டாம்' எனப்படும் அறிவிப்புகளாக வெளியிடுவார்கள்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் வரும். அந்தச் சரிவில் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 790 மீட்டர், அதாவது 2,600 அடிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பகுதியில் அந்த உயரத்தில் பறப்பது விதிமீறல் ஆகாது. குடியிருப்புகள் நெருங்கிய இடங்களில், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிடக் குறைந்தது 1,000 அடி மேலே பறக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதியைப் பலர் மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன். தரையிறங்குவதற்கும் மேலெழுவதற்கும் அதில் விலக்கு இருக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரி. ஆனால் கேள்வி கேட்டவர் எழுதியவற்றில் மிக முக்கியமான வரி, 'கோடு கிழித்தாற்போல்' என்பதுதான். அதைக் கடந்து போய்விடக் கூடாது.

பழைய முறையில், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ரேடார் திரையைப் பார்த்து ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே திசை சொல்லுவார். நெரிசலுக்கேற்ப ஒன்று 10 கிலோமீட்டரிலேயே இறுதி நேர்கோட்டில் சேரும். இன்னொன்று 20 கிலோமீட்டருக்கு அப்பால் சேரும். நேர்கோட்டில் சேர்வதற்கு முன்பு விமானங்கள் அகன்ற ஒரு பரப்பில் விசிறிபோலப் பரவி வந்தன. செயற்கைக்கோள் வழிகாட்டலை அடிப்படையாகக் கொண்ட புதிய நடைமுறையில், வானில் குறிப்பிட்ட சில புள்ளிகளை வகுத்து, அவற்றின் வழியே எல்லா விமானங்களும் தாமாகவே செல்லும்படி அமைக்கிறார்கள். சேரும் புள்ளி 15 கிலோமீட்டருக்கு அப்பால் வகுக்கப்பட்டிருந்தால், முன்பு உங்கள் பகுதியைத் தொடாமலே நேர்கோட்டில் சேர்ந்த விமானங்களும் இப்போது உங்கள் கூரைக்கு மேலேதான் வந்தாக வேண்டும். அவற்றின் உயரத்தில் ஓர் அடிகூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. உயரம் மாறவில்லை என்று விமான நிலையம் சொன்னது முழு உண்மையாகவே இருக்கலாம்; நீங்கள் பட்ட துன்பமும் அதே அளவுக்கு உண்மையே.

சராசரி இரைச்சல் என்ற சொல்லையும் விளக்கியாக வேண்டும். டெசிபல் மடக்கை அளவில் அமைந்தது. ஒரே அளவு ஓசையெழுப்பும் விமானங்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் சராசரி 3 டெசிபல்தான் கூடும். நான்கு மடங்கானால் 6 டெசிபல். மனிதக் காது ஓசை இரட்டித்ததாக உணர்வதற்குச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும் என்பார்கள். ஆக, ஒரு நாளுக்கு 20 விமானங்கள் வந்த தெருவில் 80 விமானங்கள் வந்தாலும், அறிக்கையில் அது 6 என்ற சிறிய எண்ணாகத்தான் தெரியும். உறக்கம் கலைபவருக்கு அந்த எண் பொருளற்றது. அவருக்கு வேண்டியது எத்தனை முறை என்ற கணக்கு. சிட்னியில் 1994இல் மூன்றாம் ஓடுபாதை திறக்கப்பட்டபோது எழுந்த பெரும் எதிர்ப்புக்குப் பிறகுதான், 70 டெசிபலைத் தாண்டும் நிகழ்வுகள் ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் அளவை ஆஸ்திரேலியாவில் முன்னிலை பெற்றது. அதை என்70 என்று அழைக்கிறார்கள். அந்த எண்ணைக் கேளுங்கள். பாதை மாறுவதற்கு முன்பும் பின்பும், இரவுக்கும் பகலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பாதைகள் குவிந்ததால் எழுந்த வழக்குக்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் சான்று. 2014 செப்டம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் புறப்படும் பாதைகளைச் செயற்கைக்கோள் முறைக்கு மாற்றியது. பழைமையான குடியிருப்புகளுக்கு மேலே விமானங்கள் குவிந்தன. நகராட்சியும் குடியிருப்பாளர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மாற்றம் உரிய கலந்தாய்வு இல்லாமல் தன்னிச்சையாகச் செய்யப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2018இல் மேற்கு நோக்கிப் புறப்படும் பாதைகள் ஏறத்தாழப் பழைய தடங்களுக்கே திரும்பின. அந்த வழக்கை 60 நாள்களுக்குள் தொடுத்திருக்க வேண்டும். அவர்கள் அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தார்கள். பாதைகளைச் சரிசெய்ய முயல்வதாக நிர்வாகம் நம்பிக்கை அளித்து வந்ததால்தான் நீதிமன்றம் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொண்டது. எல்லா நாட்டிலும் இத்தகைய இளக்கம் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

மறுமொழி 3

நான் சற்று மாறுபடுகிறேன். குவிதல் நடந்திருக்கலாம், ஆனால் 'தாழ்வாக' என்ற சொல்லை அளக்காமல் மனுவில் எழுதினால், அதை மறுப்பது எளிது, மறுத்தபின் மனுவில் உள்ள மற்ற உண்மைகளும் வலுவிழக்கும்.

கண் இதில் நம்பத்தக்க கருவியன்று. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 36 மீட்டர். போயிங் 777-300ஈஆர் விமானத்துக்கு 64.8 மீட்டர். 1,100 மீட்டர் உயரத்தில் செல்லும் 777, 600 மீட்டர் உயரத்தில் செல்லும் ஏ320 அளவுக்கே பெரிதாகத் தெரியும். ஒரு நிறுவனம் பெரிய விமானங்களைப் பயன்படுத்தத் தொடங்கினாலே, எல்லாம் தாழப் பறப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். பக்கவாட்டில் சென்றவை நேர் மேலே வரும்போதும் அவ்வாறே தோன்றும். விடியற்காலையில் சுற்றுப்புற ஓசை அடங்கியிருப்பதால் அதே விமானம் கூடுதலாக ஒலிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விமானம் வராத நாள்கள் காற்றுத்திசையோடு பெரும்பாலும் பொருந்துகின்றன. அந்த ஐயம் தீர்ந்தது. பெரிய விமானங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க பறக்கும் விமானங்களின் விவரங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியைத் திறந்தோம். அது காட்டும் உயரம் 3,400 அடி என்ற அளவில் இருக்கிறது. எங்கள் ஊரும் விமான நிலையமும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 அடி உயரத்தில் உள்ளன. அப்படியானால் எங்களுக்கு மேலே 2,800 அடி என்று எடுத்துக்கொள்ளலாமா? அது 2,600 அடியைவிடக் கூடுதலாக அல்லவா இருக்கிறது?

மறுமொழி 3

இன்னும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி என்ற வானொலிச் சமிக்ஞையில் ஒலிபரப்பும் உயரம் (செயலி காட்டுவது அதைத்தான்), காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய உண்மையான கடல்மட்ட அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால், விமானம் காட்டப்படும் உயரத்தைவிடத் தாழ்வாகவே இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய அழுத்தம் 1003 என்றால் 270 அடியைக் கழிக்க வேண்டும். 3,400 அடி 3,130 அடியாகும். ஊரின் உயரம் 600 அடியையும் கழித்தால் 2,530 அடி மிஞ்சும். அது 3 பாகைச் சரிவில் எதிர்பார்க்கும் உயரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அழுத்தத்தை விமான நிலைய வானிலை அறிக்கையிலிருந்து அந்தந்த மணிக்கே எடுங்கள். வெயிலும் குளிரும் சிறிது வேறுபாட்டை உண்டாக்கும் என்பதால், 100 அடிக்குள் உள்ள வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

மறுமொழி 2

அப்படியென்றால் உயரம் பற்றிய குற்றச்சாட்டை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்; முழு வலிமையையும் தடத்தின் மீது வையுங்கள். வெளியிடப்படும் விமானப் பாதைகள் 28 நாள் சுழற்சியில், எப்போதும் ஒரு வியாழக்கிழமையில்தான் நடைமுறைக்கு வரும். நீங்கள் மாற்றத்தை உணரத் தொடங்கிய காலத்தையொட்டிய வியாழக்கிழமைகளில் எந்தப் பாதை புதிதாக வெளியிடப்பட்டது என்பதை, நாட்டின் வான்வழித் தகவல் வெளியீட்டில் தேடலாம். கிடைத்துவிட்டால், 'எங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதற்குப் பதில், இன்ன நாளில் இன்ன பாதை நடைமுறைக்கு வந்தது என்று எழுத முடியும். அந்த நாளுக்கு முந்தைய ஒரு மாதத்தின் தடங்களையும், பிந்தைய ஒரு மாதத்தின் தடங்களையும் ஒரே வரைபடத்தில் கேளுங்கள். ரேடார் பதிவுகள் அவர்களிடம் இருக்கும்.

எதைக் கோருவது என்பதிலும் தெளிவு வேண்டும். சரிவைக் கூட்டச் சொல்வதால் கிடைக்கும் பயன் சிறிது. லண்டனின் ஹீத்ரூ விமான நிலையத்தில் 3.2 பாகைச் சரிவைச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் 15 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 50 மீட்டர் கூடுதல் உயரத்தைத்தான் தரும். அதைவிட, நேர்கோட்டில் சேரும் புள்ளிகளை ஒன்றுக்கு மேற்பட்டவையாக வகுத்து, நாள் அல்லது வேளை முறையில் மாற்றிப் பயன்படுத்தச் சொல்வது மிகுந்த பயன் தரும். ஹீத்ரூவில் மேற்குக் காற்றுக் காலத்தில் இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுகிறார்கள். ஒவ்வோர் ஓடுபாதையின் நேர்கோட்டிலும் வசிப்பவர்களுக்கு அரை நாள் அமைதி உறுதியாகிறது. சிட்னியிலும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் நோக்கில் ஓடுபாதைப் பயன்பாட்டை மாற்றி மாற்றி அமைக்கிறார்கள்.

எந்தப் பாதையை நகர்த்தினாலும் அது இன்னொருவரின் கூரைக்கு மேலேதான் போகும். ஆகவே அண்டைப் பகுதிகளைச் சேர்ந்தவர்களையும் இப்போதே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாதையைத் தள்ளச் சொன்னால், அவர்கள் உங்களுக்கு எதிராக மனுக் கொடுப்பார்கள். நிர்வாகம் இரண்டையும் அருகருகே வைத்து, எதையும் செய்யாமல் இருந்துவிடும்.

மறுமொழி 1

ஒரு சிறு சேர்க்கை. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், விமான இரைச்சலின் நாள் முழுமைக்குமான சராசரி 45 டெசிபலுக்கும், இரவுச் சராசரி 40 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. முதலாவது கணக்கில், இரவு ஓசையோடு 10 டெசிபலைக் கூட்டிச் சேர்ப்பார்கள். உங்கள் துன்பம் விடியற்காலையில்தான் மிகுதி என்பதால், இரவு என்று எந்த மணி முதல் எந்த மணி வரை கணக்கிட்டார்கள் என்பதையும் விமான நிலையத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரவு காலை 6 மணிக்கே முடிவதாகக் கொண்டால், அதற்குப் பின் வரும் விமானங்கள் பகல் கணக்கில் சேர்ந்துவிடும்.